புகையும் பனியும்

ஆனி மாதத்து மாலைப்பொழுதில் கம்பத்திலோ கூடலூரிலோ நின்று மேற்கே பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு காட்சி தவறாமல் கிட்டும். மலைமுகடு முழுவதும் கருமேகம் அடைந்து கிடக்கும். இதோ இறங்கிவிட்டது என்றே தோன்றும். காற்று குளிரும், முகத்தில் சாரல் தெறிக்கும். அவ்வளவே. மேகம் தன் சுமையை மலைக்கு அப்பால் இடுக்கிப் பக்கமே இறக்கிவிட்டு வந்திருக்கிறது. மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் இப்பள்ளத்தாக்கு, தென்மேற்குப் பருவத்தில் மேகத்தைக் காண்பது மிகுதி; மழையைக் காண்பது குறைவு. வெளியூரிலிருந்து வந்தவர் அண்ணாந்து பார்த்து, இன்றிரவு நல்ல மழை என்பார். உள்ளூர் உழவர் மேகத்தை நம்பி நாற்றுப் பாவமாட்டார். பெரியாறு அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டறிந்த பின்னரே நாற்றங்காலைத் தொடுவார்.

இருவரும் கண்டது ஒரே மேகத்தைத்தான். ஒருவர் பிழைபட முடிவு செய்தார். மற்றவர் சரியாக முடிவு செய்தார். கண்ணில் வேறுபாடு இல்லை. கண்டதையும் கருதியதையும் இணைக்கும் இடத்தில்தான் வேறுபாடு இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றியே இன்று எழுதத் தோன்றியது. ஏனெனில் நம் காலத்தின் பல தீமைகள் அந்த ஓரிடத்தில் நேரும் கவனக்குறைவிலிருந்து பிறக்கின்றன.

காணாத ஒன்றைக் கண்டதன் வழியாக அறிதலை நம் முன்னோர் கருதலளவை என்றனர். அனுமானம் என்பதும் அதுவே. இன்றைய பேச்சு வழக்கில் அச்சொல் தேய்ந்துவிட்டது. ‘சும்மா ஓர் அனுமானம்தான்’ என்று சொல்லும்போது, உறுதியற்ற ஊகம் என்றே பொருள் கொள்கிறோம். அளவை நூலார் அப்படிக் கொள்ளவில்லை. காட்சிக்கு அடுத்த நிலையில், அறிவை ஈட்டித் தரும் வழியாகவே கருதலை வைத்தனர். அதற்கு உறுப்புகள் வகுத்தனர். அதில் நேரும் பிழைகளைப் போலி என்று பெயரிட்டுப் பட்டியலிட்டனர். ஊகம் மனத்தின் துள்ளல். கருதல் மனத்தின் நடை. அடி எடுத்து வைக்குமுன் தரை உறுதியா என்று பார்த்து நடப்பது அது.

தமிழில் இதை விரித்துப் பேசிய பழைய இலக்கியம் மணிமேகலை. சீத்தலைச் சாத்தனார் தம் காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகரில் அளவைவாதியின் வாயிலாகக் கருதலை மூவகைப்படுத்துகிறார். கானத்தில் யானையின் ஒலி கேட்டு அங்கே யானை உண்டு என்று உணர்வது ஒன்று. ஆற்றில் வெள்ளம் கண்டு தலைப்புறத்தில் மழை பெய்தது என்று துணிவது மற்றொன்று. கருக்கொண்ட மேகம் கண்டு மழை வரும் என்பது மூன்றாவது. யானை, வெள்ளம், மேகம் ஆகிய மூன்றும் தேனி மாவட்டத்து மக்களின் அன்றாட வாழ்வைச் சூழ்ந்து நிற்பவை. ஆகவே பழைய எடுத்துக்காட்டுகளை இம்மண்ணிலேயே வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

மேகத்தைப் பார்த்துவிட்டோம். ‘கருமேகம் மழை தரும்’ என்னும் விதி பொய்யன்று. ஆனால் அது எல்லா இடத்துக்கும் ஒப்ப முடிந்ததன்று. மலையின் இப்பக்கத்தில் அது தளர்ந்துவிடுகிறது. மழையோடும் வரும், மழையின்றியும் வரும் குறி முடிவுக்கு ஏதுவாகாது. அத்தகைய குறியை அநைகாந்திகம் என்று பெயர் சொல்லி மணிமேகலை விலக்குகிறது. நாற்றுப் பாவாத உழவர் அப்பெயரை அறியாதிருக்கலாம், அப்பொருளை அறிந்திருக்கிறார்.

வெள்ளத்துக்கு வருவோம். ஆற்றில் நீர் பெருகினால் மேலே மழை பெய்திருக்கிறது என்பது ஆயிரமாண்டு அனுபவம். 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறக்கப்பட்டது. பொறியாளர் பென்னிகுயிக் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கவழி, மேற்கே கடலுக்கு ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியது. அன்றுமுதல் இப்பள்ளத்தாக்கின் ஆற்றுநீருக்கு வேறொரு காரணமும் வந்து சேர்ந்தது. லோயர் கேம்ப்பில் நீர் இரைந்து இறங்குகிறது என்றால், தேக்கடியில் மதகு உயர்த்தப்பட்டிருக்கிறது என்று பொருளாகலாம்; அன்று மேலே ஒரு துளியும் பெய்யாதிருக்கலாம். சுருளி அருவியில் நீர் திடீரென்று கலங்கி வந்தால் மேகமலைப் பக்கம் மழை என்பது இன்றும் பொருந்தும். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வெள்ளம், இரண்டு காரணங்கள். ஒரு விளைவுக்கு ஒரே காரணம்தான் என்று மயங்குபவர் கூடலூரில் ஒருவிதமாகவும் சுருளியில் வேறுவிதமாகவும் பிழை செய்வார். காலம் மாறினால் விதியும் மாறும். பாட்டன் காலத்தில் மெய்யாக இருந்த பிணைப்பு பேரன் காலத்தில் அறுந்திருக்கலாம்.

யானையின் செய்தியும் இத்தகையதே. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் காட்டுயானை, 2023 மே 27ஆம் நாள் கம்பம் நகரத் தெருவுக்குள் நடந்து வந்தது. அதன் கழுத்தில் இருப்பிடம் காட்டும் கருவிப்பட்டை இருந்தது. சாத்தனார் காலத்தில் பிளிறலைக் கேட்டு யானையை உணர்ந்தனர். நம் காலத்தில் வனத்துறையினர் சமிக்ஞையைப் பார்த்து உணர்ந்தனர். குறி மாறியது; கருதலின் இயல்பு மாறவில்லை. சமிக்ஞை வந்தால் யானை அங்கே உண்டு என்று கொள்ளலாம். சமிக்ஞை வராவிட்டால்? யானை அகன்றுவிட்டது என்று கொள்வதற்கில்லை. அடர்ந்த காடும் மலைச்சரிவும் சமிக்ஞையை மறைக்கக்கூடும். குறி இருந்தால் பொருள் உண்டு என்பது ஒன்று. குறி இல்லையெனில் பொருளும் இல்லை என்பது முற்றிலும் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே கற்றோரும் தடுக்கி விழும் இடம்.

இம்மூன்றினும் ஆழமான எச்சரிக்கை ஒன்று அந்நூலின் 29ஆம் காதையில், பௌத்தத் துறவியாகிய அறவண அடிகளின் உபதேசத்தில் இருக்கிறது. தொலைவில் தெரிவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராத நிலையிலேயே அதைப் புகை என்று கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது போலி என்கிறார் அடிகள். மார்கழி விடியலில் சின்னமனூர் வயல்வரப்பில் நின்று மேகமலையைப் பார்த்தவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். சரிவில் வெண்மையாக ஒரு படலம் எழுந்து நகரும். பனியா, மேகமா, யாரோ வைத்த தீயின் புகையா என்று கீழிருந்து சொல்ல இயலாது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு உறுதியாயினும் ஆகுக. நாம் கண்டது புகையே அன்று எனில் அவ்வுறுதியால் பயன் யாது? நெருப்பில்லாமல் புகையுமா என்னும் பழமொழியை எத்தனை பேரின் நற்பெயரைக் கொளுத்த நாம் பயன்படுத்தியிருக்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். பழமொழி பிழையன்று. பனியைப் புகை என்று அழைத்த நாவே பிழை செய்தது.

சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் பாதையைப் பொறுமையாக நடந்து காட்டியதற்கு இம்மாவட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆண்டிபட்டி வட்டத்தில், வையைக் கரையை அடுத்துப் புலிமான்கோம்பை என்றோர் ஊர். 2006ஆம் ஆண்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. இராசன் வழிகாட்டுதலில் கள ஆய்வு செய்த மாணவர்கள், அங்கே சிதைந்த பழைய ஈமக்காட்டிலிருந்து தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அதுவரை, நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய செய்தி சங்கப் பாடல்களில் இருந்தது. அக்காலத்து எழுத்துடைய கல் ஒன்றேனும் கையில் இல்லை. ஆதலால் பாடல் சொல்வது வெறும் புனைவு என்று கருதவும் இடம் இருந்தது. கிடைக்கவில்லை என்பதிலிருந்து இல்லை என்பதற்குத் தாவிய அக்கருத்தைப் புலிமான்கோம்பைக் கற்கள் ஒரே நாளில் வீழ்த்தின.

கற்களுள் ஒன்றில் இருப்பவை சில சொற்களே. கல் என்னும் சொல், பேடு தீயன் அந்தவன் என்னும் பெயர், கூடலூர், ஆகோள். இவற்றுக்கு மேல் ஒன்றும் இல்லை. ‘இறந்தான்’ என்ற சொல் அதில் இல்லை. ‘போர்’ இல்லை. ‘நட்டோம்’ இல்லை. ஆயினும் கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் உயிர்நீத்த ஒருவனுக்கு எடுக்கப்பட்ட கல் இது என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். எவ்வாறு? ஆகோள் என்பது ஆநிரை கவர்தலைக் குறித்து, வெட்சித் திணையின் துறையாகத் தொல்காப்பியம் சொல்லும் சொல். ஆநிரை பொருட்டு நடந்த பூசலில் மாண்டவர்க்குக் கல் நடும் வழக்கம் சங்க இலக்கியத்தில் உண்டு. பிற்காலத்து நூற்றுக்கணக்கான நடுகற்களிலும் உண்டு. கல் கிடைத்த இடமோ ஈமக்காடு. இலக்கணம், இலக்கியம், பிற்காலக் கற்கள், கிடைத்த களம் ஆகிய நான்கு திசைகளிலிருந்து வந்த சான்றுகள் ஒரு புள்ளியில் கூடின. ஒரு சான்று பொய்த்தாலும் மற்றவை தாங்கும். இவ்வாறு பல விழுதுகளில் நிற்கும் முடிவை ஊகம் என்று தள்ள எவராலும் இயலாது.

அதே கல்லில் கருதல் எங்கே நின்றுவிட வேண்டும் என்பதற்கும் பாடம் இருக்கிறது. அந்தக் கூடலூர் எது? பள்ளத்தாக்கின் மேல்தலையில் இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது. அதுவே இது என்று சொல்ல நம் நெஞ்சம் துடிக்கும். பெயர் ஒத்திருப்பது ஒரு குறி, வலுவான குறியும்கூட. ஆயினும் கூடல் என்பது நீர் கூடும் இடங்களுக்கெல்லாம் தமிழர் வைத்த பெயர். மதுரைக்கே கூடல் என்ற பெயர் உண்டு. ஆகவே ‘ஆகலாம்’ என்பதோடு நிற்பதே நேர்மை. கல்லின் காலமும் அவ்வாறே. அதில் ஆண்டு பொறிக்கப்படவில்லை; எழுத்தின் வடிவை மற்றக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டே கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்கின்றனர். எந்த நூற்றாண்டு என்பதில் சில தலைமுறைகள் முன்னும் பின்னும் நகர இடமுண்டு. தன் சொந்த ஊரின் தொன்மையைப் பற்றிப் பேசும்போதும் ‘ஆகும்’ என்பதையும் ‘ஆகலாம்’ என்பதையும் வேறுபிரித்துச் சொல்பவனே சான்றோன்.

போடி மேற்கு மலையடியில் பொட்டிப்புரம் என்னும் சிற்றூரின் பெயர் உலகறிந்ததும் கருதலின் பொருட்டே. நியூட்ரினோ என்னும் துகளை எவரும் கண்டதில்லை. 1930இல் பவுலி என்னும் இயற்பியலார், அணுக்கருச் சிதைவில் ஆற்றலின் கணக்கு நேராகாததைக் கண்டு, கணக்கில் வராத ஒரு துகள் அதைச் சுமந்து செல்கிறது என்று கருதினார். அக்கருத்தைச் சோதனை மெய்ப்பிக்க 1956 வரை, கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. பொட்டிப்புரத்தில் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆய்வகம், மலைக்கடியில் ஐம்பதாயிரம் டன் காந்த இரும்பை வைத்து, துகள் மோதுகையில் பிறக்கும் வேறொரு துகளின் தடத்திலிருந்து அதை அறியத் திட்டமிட்டது. மலைக்கடியில் ஏன்? வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்களின் தடங்கள் குழப்பாதிருக்க. வேறு காரணங்களை விலக்குவதற்காகவே ஒரு மலையைக் குடையாகப் பிடிக்க எண்ணியது அறிவியல். அத்திட்டத்தின் மீது இப்பகுதி மக்களுக்கு எழுந்த அச்சங்களுள் நியூட்ரினோவே நஞ்சு என்பது சான்றற்றது. அத்துகள் ஒவ்வொரு நொடியும் நம் உடலை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கிறது. யாதொரு தீங்கும் இல்லை. ஆனால் மலையைக் குடைவதால் நீரூற்றுக்கும் காட்டுயிர்களின் வழித்தடத்துக்கும் என்ன நேரும் என்ற கேள்வி சான்றோடு எழுப்பப்பட்டது. சான்றோடு விடை கோரியது. முன்னதைக் காட்டிப் பின்னதை நகைப்பதும், பின்னதைக் காட்டி முன்னதை மெய்யாக்குவதும் ஒரே தன்மைய பிழைகள்.

வேறு காரணங்களை விலக்காமல் முடிவு செய்யலாகாது என்பதை நம் நாட்டின் உச்சநீதிமன்றம் 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் திட்டவட்டமாக வகுத்தது. கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் சூழ்நிலைச் சான்றுகளை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், ஒவ்வொரு சான்றும் ஐயமற நிறுவப்பட வேண்டும். எல்லாம் சேர்ந்து சங்கிலியாக வேண்டும். அவர் குற்றமற்றவர் என்பதற்கு இசைவான விளக்கம் ஒன்றுகூட எஞ்சலாகாது. ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்தே இருக்க வேண்டும்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு நெடியது என்பது நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் நினைவூட்டும் பாடம். அத்தொலைவைத் தெருவில் நிற்கும் கூட்டம் ஒரு நொடியில் தாண்டிவிடுகிறது.

கூட்டம் மட்டுமா? அரசே தாண்டியதுண்டு. அதன் தழும்பை இம்மண் இன்னும் சுமக்கிறது. 1871இல் வட இந்தியாவில் பிறந்து, 1911இல் திருத்தம் பெற்றுச் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், மதுரைச் சீமையிலும் இப்பள்ளத்தாக்கிலும் வாழ்ந்த பிரமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். ஏனெனில் குற்றம் செய்தவரும் செய்யாதவரும் ஒன்றாக வரிசையில் நின்று, பத்து விரலையும் மையில் தோய்த்துத் தாளில் ஒற்ற வேண்டும். பகலெல்லாம் ஏர் பிடித்த கை அது. அந்தக் கை களவு செய்ததா என்று எவரும் கேட்கவில்லை. இன்ன குலத்தில் பிறந்தது என்பதே போதிய சான்றாயிற்று. பெயர் பதிந்தவர் இரவில் தம் வீட்டில் உறங்கவும் உரிமையற்றிருந்தனர். ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில், ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அப்பால், 1920 ஏப்ரல் 3ஆம் நாள் காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உள்ளிட்டுப் பதினாறுக்குக் குறையாதோர் மாண்டனர்.

இச்சட்டத்தின் உள்ளே இருந்த கருதலைப் பிரித்துப் பாருங்கள். களவு செய்தோரில் சிலர் இக்குலத்தார் என்பது குறி. இக்குலத்தார் எல்லோரும் களவர் என்பது முடிவு. இடையில் பாலம் இல்லை, பாழ்வெளிதான் இருந்தது. சிலரிலிருந்து எல்லோருக்கும் தாவிய அத்தாவலை, சட்டம் என்ற பெயரால் ஒரு பேரரசு செய்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் பிறப்பிலிருந்து குணத்தையும், உடையிலிருந்து ஒழுக்கத்தையும், பெயரிலிருந்து பற்றையும் முடிவு கட்டும் பழக்கம் நம் நெஞ்சிலிருந்து நீங்கிற்றா? வாடகைக்கு வீடு கேட்டு வருபவரின் ஊரைக் கேட்டவுடன் முகம் மாறுகிறதே, அங்கே ரேகைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டத்தால் அன்று துன்புற்றோரின் வழிவந்தோரும் இன்று மற்றொரு குலத்தாரை அவ்வாறே எடைபோடுவாராயின், அதைப் போன்ற துயரம் வேறில்லை.

2018 மே மாதத்தை மறக்கலாகாது. குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் சுற்றுகிறது என்ற வதந்தி கைபேசிகளில் பரவியிருந்த வேளை. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தது. அந்த ஒரு செயலிலிருந்து ஊர் முடிவுக்கு வந்துவிட்டது. குடும்பத்தின் மூத்த பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தையைக் கண்டால் கையில் இருப்பதைக் கொடுப்பது தமிழ்நாட்டுப் பாட்டிமார் எல்லோரும் செய்வது. அன்பின் குறியைக் கயமையின் குறியாகப் படித்தனர். வேறு விளக்கம் ஒன்று உண்டா என்று கேட்க ஒருவரும் முன்வரவில்லை. பனியைப் புகை என்றனர். அதற்கு ஓர் உயிர் விலையாயிற்று.

அன்று வதந்தி எழுத்திலும் படத்திலும் வந்தது. இன்று ஒருவர் பேசாததைப் பேசியதாகக் குரலோடும் முகத்தோடும் உருவாக்கிக் காட்டும் கருவிகள் எளியோர் கைக்கும் வந்துவிட்டன. கண்ணால் கண்டது என்னும் உறுதியே ஆட்டம் காணும் காலம் இது. காட்சியளவையே ஐயத்துக்கு உள்ளாகும்போது, கருதலளவையைச் செம்மையாகக் கையாளத் தெரியாத சமூகம் எவர் வேண்டுமானாலும் ஓட்டிச் செல்லும் ஆநிரையாகிவிடும்.

என் செய்வது? பல நூற்றாண்டுகளாக நம்மிடம் இருக்கும் செல்வத்தை எடுத்துப் பயன்படுத்துவதே செய்யத்தக்கது. மணிமேகலையின் அளவைப் பகுதியைக் கடினம் என்று பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒதுக்கும் வழக்கத்தைக் கல்வித்துறை கைவிட வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவனிடம் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, இதில் கண்டது எது, கருதியது எது என்று கோடிட்டுப் பிரிக்கச் சொல்லட்டும் ஆசிரியர்கள். ரேகைச் சட்டக் காலத்தில் எழுந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இம்மாவட்டத்தில் இருக்கின்றன. அப்பாடத்தை முதலில் தொடங்க அவற்றைவிடத் தகுதி வாய்ந்த இடம் இல்லை. காவல்துறை, பிடிபட்டவரைக் குற்றவாளி என்று அழைத்துப் படம் எடுத்து வெளியிடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும், எம்மையும் சேர்த்தே சொல்கிறோம், ‘கூறப்படுகிறது’ என்ற ஒரு சொல்லின் மறைவில் மெய்ப்பிக்காததை மெய்போல எழுதும் குற்றத்திலிருந்து மீள வேண்டும்.

வாசகர்களாகிய உங்களிடம் ஒன்றே வேண்டுகிறோம். ஒரு செய்தி வந்தால், ஒருவர் மீது பழி வந்தால், உடனே அடுத்தவர்க்கு அனுப்பாதீர்கள். கண்டவர் யார், எதைக் கண்டார், அதற்கு வேறு காரணம் இருக்கலாமா என்று கேளுங்கள். விடை கிடைக்கும் வரை ‘தெரியவில்லை’ என்று சொல்லுங்கள். அச்சொல்லில் இழிவு ஏதுமில்லை. மேற்கே திரண்ட மேகத்தைக் கண்டும், அணையின் நீர்மட்டம் கேட்காமல் நாற்றுப் பாவாத கூடலூர் உழவரின் நிதானம் நம் எல்லோர்க்கும் வேண்டும்.